மாப்பிள்ளையை விழுங்கிய பெட்டி

“ஏட்டி தங்கபாய், ஒன்னைய நம்பி ஒரு மனுசன் வக்காலத்துல கையெழுத்துப் போடுதாரே, அவரச் சொல்லணும்ட்டி!”

பிரிண்டரிலிருந்து தாளை உருவி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தங்கபாய் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்வரிசைக் கடைகளில் இது தினமும் கேட்கிற சத்தம்தான். பழகியவர்கள் தலையை நிமிர்த்துவதில்லை. புதிதாக வருகிறவர்கள்தான், உள்ளே வேலைக்கு நிற்கிற பெண் யாரோ வசவு வாங்குகிறாள் என்று பரிதாபப்பட்டு எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரே ஓர் ஆள். திட்டுகிறவரும் அவர்தான், தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறவரும் அவர்தான்.

செட்டியார்பட்டியிலிருந்து காலையில் பஸ் ஏறி வருகிறார். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், சில சமயம் காது குத்து அழைப்பிதழ், எதுவானாலும் அடித்துக் கொடுப்பார். அடித்ததில் தப்பிருந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவரே தெருவுக்குக் கேட்கும்படி அறிவித்துவிடுவார். “மத்தவிய சொல்லதுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா அவியளுக்கு வேலை மிச்சம் பாருங்க” என்பது அவருடைய கட்சி. ஒருமுறை மனுதாரரின் அப்பா பெயருக்கு முன்னால் வர வேண்டிய ‘காலஞ்சென்ற’ என்ற சொல் மனுதாரர் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. இதை ஊருக்குப் பரப்பியதும் அவர்தான். “காலஞ்சென்றவரு எந்திரிச்சு நின்னு ஜட்ஜய்யாவுக்குக் கும்பிடு போடுதாரு. ஏசு நாதருக்குப் பொறவு நம்ம கையாலதான் அப்படி ஒண்ணு நடந்திருக்கு.”

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கத் துணிகிறவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். “மாப்பிள்ள வந்தாரு. உக்காந்தாரு. நான் பேச ஆரம்பிச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு.” கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவரே சிரித்து முடித்துவிடுவார்.

கம்ப்யூட்டர் அவரிடம் வந்த கதையும் அப்படித்தான். ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவரின் மகன் விளையாடுவதற்காக வாங்கியது. அவனுக்குச் சலித்ததும் மில் ஆபீசுக்குப் போனது. புதிய மெஷின்கள் வந்ததும் ஆபீசும் அதை ஒரு மூலையில் தள்ளியது. அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் சொல்லி, தங்கபாய் அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். “ரெண்டு வீட்டுல வாழ்ந்து கெட்டு, மூணாவதா எங்கிட்ட வந்து சேந்திருக்கு. அதுவும் பாவம், நானும் பாவம்” என்று அதன் தலையில் ஒரு துணியைப் போர்த்தினார். டைப்ரைட்டரில் ஓடிய விரல்கள் அதில் இன்னும் வேகமாக ஓடின. ஒரே ஒரு குறைதான். அதன் நெற்றியில் சிடி போடுகிற தட்டு ஒன்று இருந்தது. பட்டனை அழுத்தினால் வராது. பக்கவாட்டில், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல மரியாதையாகத் தட்டினால் வரும். தமிழ் எழுத்து ஏற்றுவதற்காக ஒருமுறை திறந்ததோடு சரி. பிறகு அதன் வழிக்கு அவர் போகவில்லை.

வழிக்குப் போக வேண்டிய நாள் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஒரு புதன்கிழமை வந்தது.

பக்கத்துக் கடை மைமூனுடையது. ரவிக்கை, சுடிதார் தைக்கிற கடை. கணவர் அப்துல் ஹமீது சவுதியில், தம்மாமில், சாமான் சேர்த்துவைக்கிற ஒரு கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். மகள் நூர்பானு பி.காம். முடித்துவிட்டு அம்மாவோடு மெஷினில் உட்கார்ந்திருந்தாள். ஹமீதோடு வேலை பார்க்கிற கடையநல்லூர்க்காரப் பையன் ஜமால் முகமதை அவளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டோ வந்துவிட்டது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நூர்பானு மட்டும் மசியவில்லை. “போட்டோவுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. வாயத் தொறந்தாத்தான ஆளு எப்பிடின்னு தெரியும். பேசுறதப் பாக்காம நான் தலையாட்ட மாட்டேன்.”

மகள் சொல்லைத் தட்டாத ஹமீது, தம்மாமில் கம்ப்யூட்டரும் கேமராவும் வைத்திருந்த ஒரு நண்பரைப் பிடித்து, பையனைப் பேசவைத்து, அதை ஒரு சிடியில் ஏற்றி, ஊருக்கு வருகிற ஆள் மூலம் அனுப்பிவிட்டார். அது வீட்டுக்கு வந்த பிறகுதான், இதைப் போட்டுப் பார்க்க எங்கே போவது என்ற கேள்வியே மைமூனுக்கு எழுந்தது.

“எங்கிட்ட வா. சிடி போடுற மெஷினு இந்த வரிசையிலேயே எங்கிட்டதான் இருக்கு” என்றார் தங்கபாய். தன்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்ன வாக்கியங்கள் மொத்தத்தில் மிகக் கொஞ்சம். அதில் இது ஒன்று.

தாயும் மகளும் தலையில் முக்காடு சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளை நேரிலேயே வந்துவிட்டதுபோல ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தார்கள். தங்கபாய் தட்டினார். தட்டு வந்தது. சிடியை வைத்தார். தட்டு உள்ளே போனது. ‘கர்ர்... டக்... கர்ர்... டக்’ என்று நெல் அரைப்பதுபோல ஒரு சத்தம். அப்புறம் திரையில், சிடியைப் போடவும் என்று ஓர் ஆங்கில வாக்கியம்.

“போட்டாச்சுடா பாவி!” என்றார் தங்கபாய். பட்டனை அழுத்தினார். மரியாதையாகத் தட்டினார். மரியாதை இல்லாமலும் தட்டினார். எதற்கும் பதில் இல்லை.

“யக்கா, மாப்பிள்ள உள்ள மாட்டிக்கிட்டாரா?” என்று மைமூன் மெல்லக் கேட்டார்.

“ஏட்டி தங்கபாய், ஒரு கொமருப் புள்ளையோட மாப்பிள்ளைய முழுங்கிட்டியேட்டி!”

சிரித்தது அவர் மட்டும்தான். நூர்பானுவின் முகம் சின்னதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஹமீது எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வார். பையன் வீட்டாருக்கு அன்றே பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் கையில் இன்னோர் இடமும் இருந்தது. மைமூன் எழுந்துகொண்டார். “விடுங்கக்கா. அல்லா விட்ட வழி. போட்டோவத்தான் பாத்தாச்சே, வெள்ளிக்கிழம சரின்னு சொல்லிருதேன்.” நூர்பானு தங்கள் கடைக்குப் போனாள். செத்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. ரவிக்கைத் துணி தாங்காத வேகம். தங்கபாய் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காத பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற வைகுண்டராஜுக்குப் போன் போட்டார். “வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் மதுரையில வேலக்கா. திங்கக்கிழம வாரேன்.”

“திங்கக்கிழமைக்குள்ள நிச்சயமே முடிஞ்சிரும்டே!”

மறுநாள் விடிந்ததும் அவன் கடை வாசலில் போய் நின்றார். பையைத் தோளில் மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்த வைகுண்டராஜ், செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிடி டிரைவை அவர் கையில் வைத்தான். “நீங்களே மாத்திரலாம்க்கா. பக்கத்துக்கு ரெண்டா நாலு ஸ்க்ரூ. ஒரு பட்டை வயரு, ஒரு கரண்டு வயரு. பட்டை வயருல செவப்புக் கோடு இருக்கும், அது கரண்டு பக்கமா வரணும். மொதல்ல பிளக்கப் புடுங்கிருங்க. அம்புட்டுத்தான்.”

“என்னைய நம்பியா சொல்லுத?”

“வேற ஆளு இல்லல்லா” என்று சொல்லிவிட்டு அவன் மதுரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை தங்கபாய் மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, ‘செவப்பு கரண்டு பக்கம், செவப்பு கரண்டு பக்கம்’ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுப் பெண் ஏதோ நேர்ச்சை என்று நினைத்து, மரியாதையாக நகர்ந்து இடம் விட்டாள்.

கடையைத் திறந்ததும் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியதை மேஜைமேல், கண் முன்னால் வைத்தார். “நீ இங்க கெட. நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியணும்.” பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே கம்ப்யூட்டர் இல்லை. பஞ்சு இருந்தது. மில் ஆபீசில் இருந்த காலமெல்லாம் காற்றில் மிதந்து வந்த பஞ்சை இழுத்து இழுத்து, பெட்டி அதை மெத்தைபோலத் திணித்து வைத்திருந்தது. எட்டிப் பார்த்த மைமூன், “ஒரு தலகாணி தச்சுரலாம்க்கா” என்றார்.

“ரெண்டு தலகாணி. கல்யாணச் சீருக்கு ஆகும்” என்றார் தங்கபாய், பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சைத் தள்ளிக்கொண்டே.

நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, வயர்களைப் பிடுங்கி, பழைய டிரைவை முன்பக்கமாக உருவினார். உள்ளே மாப்பிள்ளை இருக்கிறாரே என்று குலுங்காமல், பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி மேஜைக்குக் கொண்டுவந்தார். அதன் முகத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருந்தது. தாளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப் ஒன்றை நிமிர்த்தி அதற்குள் விட்டு அழுத்த, தட்டு இரண்டு விரல்கடை வெளியே வந்து நின்றுவிட்டது. இழுத்தால் உடையும். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு ரப்பர் வளையம் தொளதொளத்து, அதில் பஞ்சு திரிபோலச் சுற்றிக் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சிடியை எடுத்தார். கீறல் இல்லை. மைமூனிடம் அதை நீட்டி, “ஒம் மருமகனப் பத்திரமா வையி. நான் மிச்சக் கூத்தையும் பாத்துட்டு வாரேன்” என்றார்.

புதிய டிரைவ் சுலபமாக உள்ளே போனது. சிவப்புக் கோடு கரண்டு பக்கம். ஸ்க்ரூ நான்கு. பிளக்கைச் செருகினார். “ஏட்டி தங்கபாய், நீ இஞ்சினியருக்குப் படிச்சிருக்க வேண்டியவட்டி” என்று வாய்விட்டுச் சொல்லியபடி பட்டனை அழுத்தினார்.

திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது. அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே வரி. ஹார்ட் டிஸ்க் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அடித்த மனுக்கள், பாதி அடித்த பத்திரங்கள், திங்கட்கிழமை வாய்தாவுக்குப் போக வேண்டிய பிரமாணங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றப் போய், பத்து வக்கீல்களின் வழக்கை அழித்தாகிவிட்டது. நாளை முதல் எந்த முகத்தோடு கடை திறப்பது? ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவதற்கு வாய் வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. நூர்பானு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன பெரியம்மா, சத்தத்தையே காணோம்?”

“எல்லாம் போச்சுட்டி.” அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. “தெரியாத வேலையில கைய வச்சு, ஊரான் வீட்டுப் பேப்பரு பூராத்தையும் தொலைச்சுட்டேன்.”

நூர்பானு திரையைப் படித்தாள். பிறகு மேஜைமேல் குடல் சரிந்து கிடந்த பழைய டிரைவைப் பார்த்தாள். “இத மாட்டியிருந்தப்ப ஓடுச்சுல்லா? புதுச மாட்டுனா ஏன் ஓடல? ரெண்டும் ஒண்ணு மாதிரிதான இருக்கு.”

ஒன்று மாதிரி இருக்கிறது என்ற சொல்லைத் தங்கபாய் நம்பமாட்டார். ஒரு மூலம், ஒரு நகல்; ஒருவர் படிக்க, இன்னொருவர் விரல் வைத்துச் சரிபார்ப்பது. முப்பது வருஷமாக அவர் சோறு தின்பது அதில்தான். எழுந்து, பிளக்கைப் பிடுங்கி, புதிய டிரைவை மறுபடியும் உருவினார். “நீ பழசப் படிட்டி. நான் புதுசப் பாத்துக்கிடுதேன். ஒரு புள்ளிய விடாத.”

இரண்டு டிரைவின் முதுகையும் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“பட்டை வயருக்கு ரெண்டு வரிசப் பல்லு.”

“இருக்கு.”

“கரண்டுக்கு நாலு கம்பி.”

“இருக்கு. மேல போ.”

“கருப்பா ஒரு சின்னத் தொப்பி. மூணு சோடிக் கம்பியில நடுச் சோடி மேல மாட்டியிருக்கு.”

“நில்லு.” தங்கபாய் கண்ணாடியை இறக்கினார். “இங்க தொப்பி நடுவுல இல்ல. ஓரத்துல இருக்கு. கீழ ஏதோ எழுதியிருக்கு பாரு.”

“நடுவுல எஸ்.எல்.னு போட்டிருக்கு பெரியம்மா. ஓரத்துல எம்.ஏ.”

“புதுசு எம்.ஏ. படிச்சதா? அதான் வந்த எடத்துல அடங்க மாட்டேங்கு!”

நூர்பானு சிரித்துவிட்டாள். ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கிற இடுக்கியை எடுத்துவர ஓடினாள். கடுகு அளவுத் தொப்பியைத் தங்கபாய் பிடித்து இழுத்தார். அது துள்ளிப் பஞ்சுக் குவியலுக்குள் விழுந்தது. மூன்று பெண்களும் தரையில் மண்டியிட்டு, சாமி அறையில் மூக்குத்தி தொலைத்தவர்களைப்போலத் துழாவினார்கள். மைமூன் கண்ணில்தான் பட்டது. அதை எஸ்.எல்.லில் மாட்டி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்கள்.

ஒரே பட்டை வயரில் ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் தொங்குகின்றன, ஒன்று மூத்தது, இன்னொன்று இளையது என்று அந்தத் தொப்பிதான் சொல்ல வேண்டும், இரண்டுமே மூத்ததாக நின்றால் மெஷின் குழம்பிவிடும் என்பதெல்லாம் வைகுண்டராஜ் திங்கட்கிழமை வந்து சொன்ன விளக்கம். “அதச் சொல்ல மறந்துட்டேன்க்கா” என்று தலையைச் சொறிந்தான். வியாழக்கிழமை அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், பட்டனை அழுத்தியதும் திரை வெளுத்தது என்பது மட்டும்தான். மனுக்கள் எல்லாம் போன இடம் தெரியாமல் போய்விட்டு, ஒன்றுமே நடக்காததுபோல வரிசையாக வந்து நின்றன. தங்கபாய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிடி உள்ளே போனது. கர்ர் இல்லை, டக் இல்லை. தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம் திரையில் தோன்றியது. பின்னால் அட்டைப்பெட்டி அடுக்குகள். முன்னால் ஓர் இளைஞன், இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு தாளோடு. சலாம் சொன்னான். தாளைப் பார்த்து, “எனது பெயர் ஜமால் முகமது. எனது சொந்த ஊர்...” என்று ஆரம்பித்தான். தாள் பறந்துவிட்டது. குனிந்து தேடினான். கொஞ்ச நேரம் வெறும் நாற்காலிதான் தெரிந்தது. “ஏலே, கேமராவ நிப்பாட்டுல!” என்று குரல் மட்டும் வந்தது. யாரோ நிறுத்தத் தெரியாது என்றார்கள். வேர்த்துப்போய் மேலே வந்தான். தாள் இல்லை.

“எனக்குப் பேச வராதுங்க. எழுதி வச்சதும் ஓடிப்போச்சு. ரூம்ல என் முறை வந்தா நான்தான் சமைக்கேன். நான் வச்ச ரசத்த இதுவரைக்கும் ஒருத்தரும் ரெண்டாந்தடவ கேட்டதில்ல.” யாரோ பின்னால் சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, கேமராவுக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். “ஒங்களுக்குப் புடிக்கலன்னா ஒங்க அத்தாகிட்ட சொல்லச் சங்கடமா இருக்கும். அப்பிடின்னா, சிடி ஓடலன்னு மட்டும் சொல்லிருங்க. நான் புரிஞ்சுக்கிடுதேன்.”

படம் நின்றது. மைமூன் மகளின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ரவிக்கை தைக்க வந்த யாரோ கூப்பிட, அவர் மனமில்லாமல் எழுந்து தன் கடைக்குப் போனார்.

மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு போன் வந்ததும், நூர்பானு அம்மா கையிலிருந்த ரிசீவரை வாங்கி அப்பாவிடம், “சிடி நல்லா ஓடுச்சு அத்தா” என்று ஒரே வரி சொன்னதும், பூத்துக்கு வெளியே நின்ற தங்கபாய் அதைக் கேட்டுவிட்டுக் கடைக்கடையாகப் போய்ப் பால்கோவா கொடுத்ததும் எதிர்வரிசை முழுவதற்கும் தெரிந்த கதை. ஆனால் வியாழக்கிழமை மாலை, மைமூன் போன பிறகு நடந்தது வரிசைக்குத் தெரியாது.

நூர்பானு எழுந்திருக்கவில்லை. சுடிதார் நுனியைச் சுருட்டிக்கொண்டு, “பெரியம்மா... இன்னொரு தடவ போடலாமா?” என்றாள்.

தங்கபாய் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, திரையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, கடைக்கு வெளியே வந்தார்.

கோர்ட் முடிகிற நேரம். வக்கீல் குமாஸ்தா சௌந்தரபாண்டியன் கையில் ஒரு கட்டுத் தாளோடு அவசரமாகத் தெருவைக் கடந்து வந்தார். “யக்கா, இது அர்ஜென்டு. இப்பவே அடிக்கணும்.”

“மெஷினு ரிப்பேருங்க.”

“காலையிலருந்து நீங்கதான பூராத்தையும் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்திய? இன்னுமா சரியாகல?”

“எனக்கு எங்க அதெல்லாம் சரி பண்ணத் தெரியுது? தொட்டேன், இருந்ததும் போச்சு. நாளைக்கு வாங்க.”

உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது. குமாஸ்தா கழுத்தை நீட்டினார். தங்கபாய் கையை உயர்த்தி, ஷட்டரை இன்னும் ஒரு சாண் கீழே இழுத்துவிட்டார்.